காத்தாடிக்குக் கீழே சோலார் போடலாமா? காற்றும் வெயிலும் ஒரே லைனில்

கொங்குநூல் எழுதியது:

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் சின்ன நூற்பாலை நடத்துகிறோம். அப்பா காலத்தில் பூளவாடியில் வாங்கிப் போட்ட 250 கிலோவாட் காத்தாடி ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் யூனிட்டை மில் பில்லில் கழித்துக்கொள்கிறோம். போன வாரம் ஒரு கன்சல்டன்ட் வந்தார். காத்தாடியைச் சுற்றிச் சும்மா கிடக்கும் நிலத்தில் இன்னொரு 250 கிலோவாட்டுக்கு சோலார் போட்டுவிடுங்கள், லைன் ஏற்கெனவே இருக்கிறது, காற்று இல்லாதபோது வெயில் இருக்கும், வெயில் இல்லாதபோது காற்று இருக்கும், வருடம் முழுக்கக் கரண்ட் கவலை விட்டது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சுலபம் என்றால் பக்கத்துக் காத்தாடிக்காரர்கள் எல்லாம் ஏன் இன்னும் சும்மா இருக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஆரல்_மெக்கானிக் எழுதியது:

அண்ணாச்சி, நான் முப்பந்தலில் காத்தாடி மெயின்டனன்ஸ் வேலையில் இருப்பவன். பில் கணக்கு எனக்குத் தெரியாது, காற்றுக் கணக்கு சொல்கிறேன்.

நம்ம ஊர்க் காற்று கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று மலையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் நெருக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. உங்கள் பூளவாடிக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. வைகாசியில் ஆரம்பித்து ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் வெளுத்து வாங்கும். புரட்டாசியில் பிசுபிசுத்துவிடும். அதற்கப்புறம் ஏழு மாதத்துக்குக் கிடைப்பது சில்லறைதான்.

காற்று வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். அதனால் காற்று கொஞ்சம் குறைந்தாலும் கரண்ட் ஏகத்துக்கும் விழும். விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் இறக்கை ஜம்மென்று சுற்றும். ரோட்டில் போகிறவர் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது என்றே நினைப்பார். மேலே கன்ட்ரோலர் திரையைப் பார்த்தால் இரண்டு டியூப்லைட்டுக்கு ஆகிற மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். சித்திரையில் நாங்கள் ரோட்டரைப் பூட்டிவிட்டு நிதானமாக கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவோம், பிரேக் பேடு பார்ப்போம், போல்ட் எல்லாம் சரியான இறுக்கம் பார்த்து முறுக்குவோம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அதே ஓனர் ஆடியில் ஒரு மணி நேரம் மெஷின் நின்றாலும் போனில் கத்துவார்.

இன்னொன்று. ஒரு நாளுக்குள்ளேயும் காற்று ஒரே மாதிரி இருக்காது. சீசனில் மத்தியானத்துக்கு மேல் ஏறும், சாயங்காலம் நன்றாக இருக்கும், காலை ஏழு எட்டு மணிவாக்கில் இறங்கிப்போகும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லோடு_டெஸ்க் எழுதியது:

கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மெக்கானிக் தம்பி கடைசியாகச் சொன்னதுதான் கொங்குநூலுக்கு முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தக் கலப்புத் திட்டத்தின் லாபம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

லாபம் பெரும்பாலும் கம்பியில் இருக்கிறது. 100 மெகாவாட் காற்றாலைக்கு 100 மெகாவாட்டைச் சுமக்கிற லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் சப்ஸ்டேஷனில் அந்த லைனை இணைக்கிற பகுதியும் (bay) கட்ட வேண்டும். ஆனால் வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால் அதில் ஓடுவது 25, 30 மெகாவாட்தான். சோலாருக்குத் தனி லைன் போட்டால் அங்கே 20 ஓடினாலே பெரிது. இரண்டையும் ஒரே லைனில் விட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இருப்பது அபூர்வம் என்பதால் ஒரு லைன் செலவு மிச்சம். 2018 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த காற்று-சூரியக் கலப்புக் கொள்கையின் அடிப்படை எண்ணமே இதுதான். ஒன்றின் திறன் மற்றதில் குறைந்தது 25 சதவீதமாவது இருந்தால்தான் அதைக் கலப்பு நிலையம் என்று ஏற்றுக்கொள்வார்கள்.

நடைமுறையில் பார்க்க ஜெய்சல்மேருக்குப் போக வேண்டும். 2022-ல் அங்கே வந்த முதல் பெரிய கலப்பு நிலையத்தில் 360 மெகாவாட் சோலாரும் 100 மெகாவாட் காற்றாலையும் இருக்கின்றன. கூட்டினால் 460. மின்சாரம் கொடுக்கிற ஒப்பந்தம் 390-க்குத்தான். அதே வருடம் வந்த அடுத்த நிலையத்தில் 600 சோலார், 150 காற்று, ஒப்பந்தம் 600. இரண்டும் சேர்ந்து அளவைத் தாண்டுகிற அந்தச் சில மணி நேரத்தில் கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை, லைன் வருடம் முழுக்க நிறைந்து ஓடட்டும் என்பதுதான் கணக்கு.

சரி, உங்கள் விஷயம். 'வருடம் முழுக்கக் கவலையில்லை' என்பதை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் காற்றும் வெயிலும் கைகோக்காத காலம் இரண்டு உண்டு. ஒன்று, பங்குனி சித்திரை இரவுகள். மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-ஆம் தேதி. அக்னி நட்சத்திரம் தொடங்குகிற சமயம், காற்று இன்னும் வந்திருக்காது. பகலில் சோலார் தாங்கும். ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி. ஓடுகிறதே, அதற்குச் சோலாரும் இல்லை, காற்றும் இல்லை. இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும், கணவாய்க் காற்றும் நின்றிருக்கும். நல்லவேளையாக அப்போது தேவையும் குறைவு, அணையில் தண்ணீரும் இருக்கும்.

மொட்டைமாடி_தாம்பரம் எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப்போகிறேன். கூடவே 1 கிலோவாட் குட்டிக் காற்றாலையும் வைத்தால் ராத்திரிக்கும் ஆகுமே? இணையத்தில் நிறைய விற்கிறார்கள்.

ஆரல்_மெக்கானிக் எழுதியது:

வேண்டாம் சார். சுற்றிலும் வீடு, மரம், தண்ணித் தொட்டி. காற்று நேராக வராமல் சுழன்று சுழன்று வரும். மாடி உயரத்தில் வேகமும் இருக்காது. மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கு இங்கே தலைகீழாக வேலை செய்யும். அதிர்ச்சியும் சத்தமும் வீட்டுக்குள் இறங்கும். 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு பேனலை மட்டும் போடுங்கள்.

தீவகத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலிருந்து எழுதுறன். உங்கட கதை எல்லாம் பெரிய கிரிட்டை (மின் வலையமைப்பை) வைச்சுக் கதைக்கிற கதை. எங்களுக்குக் கடலுக்கு அங்காலதான் கிரிட் இருக்குது. ஜெனரேற்றருக்கு டீசலும் படகிலதான் வரவேணும். கடல் கொந்தளிச்சால் அதுவும் பிந்தும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் சேர்த்து ஒரு கலப்புத் திட்டம் இந்தியாவின்ர 11 மில்லியன் டொலர் நன்கொடையில வருது. 2024 மார்ச்சில ஒப்பந்தம் கையெழுத்தானது. சோலர் 1,700 கிலோவோற், காற்று 530 கிலோவோற், பற்றரி 2,400 கிலோவோற்-மணி. அதோட அவசரத்துக்கு 2,500 கிலோவோற் டீசலும் இருக்கு. டீசலை அவையள் கைவிடேல்லை எண்டதைக் கவனியுங்கோ.

எங்களுக்கு ஒரு வசதி, சோழகம் (தென்மேற்குக் காற்று) வைகாசியில துவங்கி ஆவணி மட்டும் அடிக்கும், பிறகு மார்கழி, தையில வாடையும் (வடக்குக் காற்று) கொஞ்சம் வரும். அதால காற்று உங்களைப் போல ஒரேயடியா நிண்டு போறேல்லை. லோடு டெஸ்க் அண்ணை, பற்றரி ஏன் இவ்வளவு சின்னன்? ஒரு இரவுக்கும் காணாதே?

லோடு_டெஸ்க் எழுதியது:

தீவகத்தான் தம்பி, நல்ல கேள்வி. சோலாரும் காற்றும் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அந்தப் பேட்டரி நிறைந்துவிடும். ஆகவே அது இரவு முழுக்க ஊரைத் தாங்குவதற்கு வைத்தது இல்லை. மேகம் மறைக்கும்போதும் காற்று திடீரென்று விழும்போதும் வோல்டேஜும் அலைவெண்ணும் ஆடாமல் பிடித்துக்கொள்ளவும், விளக்கு வைக்கிற நேரத்தைக் கடத்திவிடவும்தான். நமக்குக் கிரிட் செய்கிற வேலையை அங்கே பேட்டரியும் டீசலும் செய்கின்றன. ஒரு விதத்தில் உங்கள் தீவுகளில்தான் இந்தக் கலப்புக்கு உண்மையான பரீட்சை. எங்கள் ஊரில் குறைந்ததை யாராவது கொடுத்துவிடுவார்கள், குறை வெளியே தெரியாது.

கேள்வியின்_நாயகன் எழுதியது:

எல்லாம் கேட்டாச்சு. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை என்று வருடத்தில் இரண்டு தடவை கையை விரிக்கிற சரக்குக்கு ஏன் இத்தனை கோடி? அனல் நிலையத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே. ஆடி மாதத்தில் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று காற்றாலைக்காரர்களே புலம்புகிறார்கள். அப்புறம் எதற்கு இன்னும் இன்னும் நட வேண்டும்?

லோடு_டெஸ்க் எழுதியது:

ஆடியில் நிறுத்தச் சொல்வதற்கும் அனல் நிலையத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதே. நிலக்கரி நிலையத்தை சுவிட்சு போட்டு அணைக்கிற மாதிரி அணைக்க முடியாது. 2023-ல் வந்த மத்திய விதிப்படி முழுத் திறனில் 55 சதவீதத்துக்கு இறக்கி ஓட்ட வேண்டும், அடுத்து 40-க்குக் கொண்டுபோக வேண்டும் என்று திட்டம். ஆடி ஞாயிற்றுக்கிழமை நண்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். மில் பாதி லீவு, சோலார் உச்சத்தில், காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. அனலை அதற்குமேல் குறைக்கவும் முடியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு வேண்டும் என்பதால் நிறுத்தவும் முடியாது. யார் தலையில் கைவைப்பது? சட்டப்படி காற்றாலையை ஓடவிட வேண்டும் என்று இருந்தாலும், லைன் தாங்காது என்றால் அங்கேதான் வெட்டு விழும்.

இதற்கு மருந்து நட்டதைப் பிடுங்குவது இல்லை, நண்பகல் கரண்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதும் வெளியூருக்கு அனுப்புவதும்தான். காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. கீழே மேல் ஆழியாறு அணை, மேலே காடம்பாறை அணை. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைன் ஓட்டுவது. நிலக்கரி மட்டும் இருந்த காலத்தில் நடுராத்திரியில் ஏற்றுவதுதான் சரி. இன்றைக்கு நண்பகலில் ஏற்றுவதில்தான் அர்த்தம் இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்ட எடுத்தார்கள். அதேபோல சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை 6,000 மெகாவாட்டை இங்கே கொண்டுவரும். சீசனில் அதையே திருப்பிக் காற்றை வடக்கே அனுப்பவும் வசதி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அனல் மட்டும் போதும் என்றால் நிலக்கரிக்கு யூனிட் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்க வேண்டும், கப்பலுக்கும் ரயிலுக்கும் காத்திருக்க வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் போட்ட முதல் மட்டும்தான். அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கரிசல்_செல்வி எழுதியது:

நிலத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே! கயத்தாறு பக்கம் எங்கள் காட்டைச் சுற்றிக் காத்தாடிதான். காத்தாடி வந்தபோது கால் வைக்கிற இடமும் கிரேன் வருகிற பாதையும் போயிற்று, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கீழே சோளம் விதைத்தோம், ஆடு மேய்த்தோம். சோலார் அப்படியில்லை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டு போட்டுவிடுவார்கள். 'சும்மா கிடக்கும் நிலம்' என்று கன்சல்டன்ட் சொன்னாராம். அந்த நிலத்தில் யார் ஆடு மேய்கிறது என்று அவருக்குத் தெரியுமா?

தண்ணீரும் அப்படித்தான். செம்மண் புழுதி பேனலில் மாவு மாதிரி படிந்துவிடும். இங்கே போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் காய்ந்த பிறகு ஓரத்தில் எல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி நிற்கும். வேலைக்குப் போகிற பெண்கள் துணியால் தேய்த்தாலும் போகாது. கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் போட்டவர்களுக்கு ரோபோ வைத்துத் துடைக்க வசதி இருக்கிறது. கால் மெகாவாட்காரர் யாரை வைத்துத் துடைப்பார்?

கொங்குநூல் எழுதியது:

அக்கா கேட்டது நியாயம்தானுங்க. எங்கள் நிலத்திலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடு கட்டுகிறார், ஒரு மூலையில் எங்களுக்கே நாலு தென்னை நிற்கிறது. 250 கிலோவாட் போட்டால் ஒரு ஏக்கருக்கு மேல் அடைபட்டுவிடும். நானும் அளவைக் குறைக்கலாமா என்றுதான் யோசிக்கிறேன். இன்னொரு சந்தேகம்: காத்தாடி நிழல் பேனல் மேல் விழுமே, அதற்கு என்ன செய்வது?

ஆரல்_மெக்கானிக் எழுதியது:

நிழல் பெரிய விஷயம் அண்ணாச்சி. ஒரு பேனலில் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க இறங்கும். அதிலும் இறக்கை நிழல் நின்று தொலைக்காது, வெட்டி வெட்டிப் போகும். இன்வெர்ட்டர் ஏற்றி இறக்கித் திண்டாடும். கிழக்கிலும் மேற்கிலும் பேனல் வைக்கவே கூடாது, காலையிலும் மாலையிலும் நிழல் நெடுகப் படுத்துக்கிடக்கும். வடக்கே வைத்தால் மார்கழியில் மாட்டிக்கொள்வீர்கள். தெற்குப் பக்கம்தான் சரி. ஆனால் நம்ம ஊரில் ஆனி ஆடியில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும், அப்போது நண்பகல் நிழல் தெற்கே விழும். 50 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர்போல வரும். டவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஆரம்பித்தால் தொந்தரவு இல்லை.

ஸ்டாண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், காத்தாடி வைக்கிற அளவுக்குக் காற்று அடிக்கும் இடத்தில் பேனல் என்ன செய்யும்? சரிவைப் பத்து டிகிரிக்குள் வையுங்கள், கீழே கான்கிரீட் தாராளமாகப் போடுங்கள். அதே காற்று பேனலைக் குளிர வைக்கும் என்பது ஒரு லாபம். பேனல் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம்போல உற்பத்தி குறையும்.

பழைய மெஷினை எடுத்துவிட்டுப் பெரிசு வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 2024-ல் மாநில அரசு அதற்கு ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. ஆனால் இன்றைய மெஷின் 120 மீட்டருக்கு மேல் நிற்கும். அதற்கு விட வேண்டிய இடைவெளியில் பக்கத்துக்காரர் நாலைந்து பேருடைய சின்னக் காத்தாடிகள் இருக்கும். எல்லாரும் சேர்ந்தால்தான் நடக்கும். எல்லாரும் எப்போது சேர்ந்தார்கள்?

லோடு_டெஸ்க் எழுதியது:

இப்போது பில்லுக்கு வருகிறேன். 2022 கட்டண உத்தரவிலிருந்து எச்.டி. (உயரழுத்த) இணைப்புக்கு உச்ச நேரம் காலை 6.30 முதல் 10.30, மாலை 6 முதல் 10. அந்த நேரத்தில் எரிக்கிற யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். சொந்த உற்பத்தியைக் கழிப்பதும் நேரப் பிரிவு வாரியாகத்தான். உச்ச நேர யூனிட்டைச் சாதாரண நேரத்தில் கழிக்கலாம், சாதாரண நேர யூனிட்டை உச்ச நேரத்தில் கழிக்க முடியாது. இதைக் கன்சல்டன்ட் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மாலை உச்சத்துக்குக் காத்தாடி நன்றாகவே கைகொடுக்கிறது. காலை உச்சத்தில்தான் காற்று இறங்கிவிடுகிறது என்று தம்பி சொன்னார். அந்த ஓட்டையை அடைப்பது சோலார். நாள் உற்பத்தியில் ஏறக்குறைய கால்வாசி காலை 10.30-க்குள் வந்துவிடும். உங்களுக்கு இந்தக் கலப்பில் நிஜமான லாபம் அந்தக் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி சாதாரண நேர யூனிட், அதற்குத் தனி மதிப்பு இல்லை. அதோடு பழைய காத்தாடி யூனிட்டை ஏப்ரல் முதல் மார்ச் வரை வங்கியில் போட்ட மாதிரி வைத்து எடுக்கிறீர்கள் அல்லவா, சோலாருக்கு அது கிடையாது. அந்த மாதத்துக்குள் கழித்தாக வேண்டும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி மீட்டர், தனித்தனிக் கணக்கு.

ஒரு சின்னச் சகாயம் உண்டு. உங்கள் பழைய மெஷினில் இருப்பது இன்டக்ஷன் ஜெனரேட்டர். அது கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை (யூனிட்டாகக் கணக்கில் வராமல், ஜெனரேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக்க மட்டும் பயன்படுகிற சக்தியை) இழுக்கும், அதற்குத் தனியாகக் காசு கட்டுவீர்கள். சோலார் இன்வெர்ட்டரை அந்த ரியாக்டிவ் பவரைக் கொடுக்கிற மாதிரி செட் செய்யலாம். இன்வெர்ட்டர் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கொங்குநூல் எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். 250 வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தெற்குப் பக்கம் 100 கிலோவாட், அரை ஏக்கருக்குள். மாடு கட்டுகிறவர் இடம் அப்படியே இருக்கும். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் யூனிட்போல வரும் என்று நினைக்கிறேன். கன்சல்டன்டிடம் பேசுவதற்கு முன்னால் நான் என்னென்ன கையில் வைத்திருக்க வேண்டும்?

லோடு_டெஸ்க் எழுதியது:

முதலில் காத்தாடி மீட்டரின் 15 நிமிட அளவீட்டை ஒரு முழு வருடத்துக்கு எடுங்கள், ஒரு நாளைக்கு 96 வரி வரும். மில் மீட்டரிலும் அதே மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலை 6.30 முதல் 10.30 வரை மில் எரித்ததில் காத்தாடி எவ்வளவு கொடுத்தது என்று மாதவாரியாகப் பாருங்கள். குறைகிற அளவுக்குத்தான் சோலார். அப்புறம், உங்கள் ஃபீடரில் (காத்தாடிகளைச் சப்ஸ்டேஷனோடு இணைக்கிற பொது லைனில்) மொத்தம் எத்தனை காத்தாடி இருக்கிறது, ஆடியில் அந்த ஃபீடர் எத்தனை மணி நேரம் நிறுத்தப்பட்டது என்பதைச் சப்ஸ்டேஷனில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபீடர் நின்றால் சோலாரும் சேர்ந்து நிற்கும். பக்கத்துக்காரர்கள் ஏன் போடவில்லை என்று கேட்டீர்களே, அந்தத் தாளைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

கொங்குநூல் எழுதியது:

திங்கட்கிழமை ஆளை அனுப்புகிறேனுங்க. தாள் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.